நான் கேட்டேன், நீங்கள் பேசினீர்கள்

என்னங்க,

இன்று காலை கடைக்குப் புது டெலிபோன் வந்தது. இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து கம்பி மாற்றி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். கறுப்பாக, குட்டையாக, படுத்திருக்கும் பூனையைப் போல இருக்கிறது. காதில் வைப்பதும் வாயருகே வைப்பதும் இதில் ஒரே கைப்பிடியின் இரண்டு முனைகள். முதலாளி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "வசதியாத்தான் இருக்கு தங்கச்சி. ஒரு கையே போதும்லா" என்றார். ஆமாம் என்றேன்.

பழையதை உங்களுக்கு மறந்திருக்காது. விளக்குத்தண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். உச்சியில் பேசும் குழல். பக்கத்துக் கொக்கியில் கயிற்றோடு தொங்கும் கேட்கும் குழல். அதைச் சாக்கில் சுற்றும்போது ஒரு கணம் என் முகத்தருகே வந்தது. கிராம்பு மணத்தது. பேசுவதற்கு முன் நீங்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு. நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது, இத்தனை நாளும் அதில் பேசியவள் நான்தான். மணம் மிச்சம் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் எனக்கு மணத்தது. அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தது ஒரு சாயங்காலம். சுங்கை பினாங்கில் நாம் குடியிருந்த மாடி அறையின் ஜன்னல் வழியே, வற்றிப்போன ஆற்றின் சேற்று வாடை வந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து முதலாளி சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினீர்கள். "இத்தாலிக்காரன் கப்பல் மாசம் ஒண்ணு வருது. சமையல் சாமான் வாங்குற மேஸ்திரிக்கு இங்கிலீசு வராது. கரைக்கு வந்து டெலிபோன் அடிக்கிறான். நம்ம ஆளுங்க எடுத்து எஸ்ஸு எஸ்ஸுன்னு சொல்லி வச்சிடுறாங்க. பக்கத்துக் கடைக்காரனும் அதத்தான் சொல்றான். அவன் பாஷையில ஒருத்தன் பதில் சொன்னா, அப்புறம் அவன் வேற கடைக்குப் போவானா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் படிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

மலாய் உங்களுக்கு வரும், சீனர்களோடு ஹொக்கியனில் பேரம் பேசுவீர்கள், இங்கிலீஷில் கடிதம் எழுதுவீர்கள். இன்னொரு பாஷை என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் இருந்த பயம் அன்று எனக்குத் தெரியவில்லை.

பழைய சாமான் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. இத்தாலிக்குப் பயணம் போகும் இங்கிலீஷ்காரர்களுக்காகப் போட்டது. முன்பாதியில் விடுதியில் பேசுவது, சந்தையில் பேசுவது, டெலிபோனில் பேசுவது. பின்பாதி முழுவதும் இலக்கணம். கன்னியர் மடத்தில் நான் படித்த இங்கிலீஷ் அப்போதுதான் நம் வீட்டுக்கு உபயோகப்பட்டது. நான் வாசிக்க, நீங்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டீர்கள். டெலிபோனை எடுத்ததும் இத்தாலிக்காரர்கள் 'ப்ரோன்தோ' என்பார்களாம். தயார் என்று அர்த்தம். நம் எழுத்தில் முன்னால் ஒரு ன் வந்தால் அடுத்த த குழைந்துவிடும், அவர்களுக்குக் குழையக் கூடாது என்று அந்த த-வுக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டீர்கள். பிறகு 'கி பார்லா', யார் பேசுவது. 'பியூ பியானோ', இன்னும் மெதுவாக.

எழுத எழுத நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். இத்தாலியச் சொற்கள் அநேகமாக மெய்யெழுத்தில் முடிவதில்லை. கடைசியில் ஒரு உயிர் வந்து ஒட்டிக்கொண்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. புக்கு, டேபிளு என்று சொன்னதற்காக மடத்தில் எத்தனை தடவை என் கையில் பிரம்படி விழுந்தது என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்து, "ரோசு, நம்ம தப்பு எல்லாம் அங்க சரிலா" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தத் தேசத்தின்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. நான் பார்க்காத, பார்க்கவே போகாத ஊர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் நம் பள்ளிக்கூடம் தொடங்கும். நேருக்கு நேர் உட்கார்ந்து நான் கேட்டால், நீங்கள் ஒரு சொல் தவறாமல் பதில் சொல்வீர்கள். "இது கள்ளாட்டம். டெலிபோன்ல மூஞ்சி தெரியாது" என்று நீங்களே சொல்லி, அறைக்குக் குறுக்கே என் பழைய சேலை ஒன்றைக் கட்டினீர்கள். அந்தப் பக்கம் நீங்கள் கடைக்காரர், இந்தப் பக்கம் நான் கப்பல்காரர். சேலை வந்த பிறகு உங்கள் இத்தாலியம் தடுமாறியது. நான் முட்டை என்றால் நீங்கள் தண்ணீர் என்றீர்கள். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் மதிய வெயிலில் சேலை காற்றுக்கு ஊதி ஊதித் தணிய, அதற்கு அப்பால் உங்கள் குரல் யாரோ தூரதேசத்து மனிதரின் குரல்போல வர, நான் பாதிக் கனவில்தான் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்க்கவில்லை.

முதல் அழைப்பு வந்த நாளை நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள். நீங்கள் 'ப்ரோன்தோ' என்றதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மனிதர் பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. "மழை மாதிரி கொட்டினாரு ரோசு. நான் நனைஞ்சுக்கிட்டு நின்னேன்." அவர் பேர் கார்லோ என்பதும், முட்டையும் முட்டைக்கோசும் வேண்டும் என்பதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்று அது போதுமாக இருந்தது.

மூன்றாவது மாதம் அந்தக் கோழி விவகாரம். அவர்கள் பாஷையில் வெங்காயம் 'ச்சிப்பொல்லே'. கோழி 'பொல்லி'. கார்லோ அறுபது கிலோ வெங்காயம் கேட்டார். உங்களுக்குத் தெளிவாக விழவில்லை. 'பியூ பியானோ' என்றீர்கள். நம் 'மெதுவாக' போலத்தான் அந்தச் சொல்லும். நிதானமாக என்றும் கொள்ளலாம், சத்தத்தைக் குறைத்து என்றும் கொள்ளலாம். அவர் சத்தத்தைக் குறைத்தார். நீங்கள் மறுபடியும் கேட்க, அவர் இன்னும் குறைத்தார். கடைசியில் அறுபது உயிர்க்கோழிகள் கூடை கூடையாகத் தொங்காங் படகில் ஏறிக் கப்பலுக்குப் போயின. நீங்களும் கூடவே போனீர்கள்.

"மேல்தட்டுல குண்டா ஒரு மனுஷன் நின்னு கீழ பார்த்தாரு. ஒரு வார்த்தை சொல்லல. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு, கோழிக்கெல்லாம் மரியாதை பண்ற மாதிரி" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கோழிகள் திரும்பி வந்து இரண்டு நாள் கடை முழுக்கத் திரிந்தன. முதலாளி சத்தம் போடவில்லை. "தம்பி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்தக் கப்பல் நமக்கு இல்ல" என்றார். அந்த வேலையும் உங்களுக்கு இல்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டார்.

அடுத்த ஞாயிறு சேலையைக் கட்டிக்கொண்டு எண்களை எடுத்தோம். அறுபது 'ஸெஸ்ஸான்தா', எழுபது 'ஸெத்தான்தா'. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். முகம் தெரியாதது எனக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்தது போலிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒருநாளும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லாததை, தமிழில், எண்களுக்கு நடுவே சொன்னேன். "உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அழுத்த, சேலை என் பக்கம் லேசாக உப்பியது. பிறகு நீங்கள் நிதானமாக, "ஸெத்தான்தா?" என்றீர்கள்.

நீங்கள் விளையாடுவதாக நினைத்தேன். இன்னொரு தடவை சொன்னேன். "ஸெத்தான்தாதானே?" என்றீர்கள். எழுந்து சேலையை விலக்கினேன். வலது காதைச் சேலையின்மேல் ஒட்டவைத்து, கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்து நின்றதுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன், உங்கள் முன்னால் உட்கார்ந்து.

என் உதட்டைப் பார்த்தீர்கள். "இடது காது ரெண்டு வருஷமா. வலது இப்பத்தான், கொஞ்சங் கொஞ்சமா."

"தெரிஞ்சுமா டெலிபோன் வேலைக்குப் போனீங்க?"

"தெரிஞ்சதுனாலதான். நாலு பேருக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சா, அவ்வளவு சீக்கிரம் அனுப்ப மாட்டாங்கல்ல?"

நேருக்கு நேர் ஒரு சொல் தவறாததற்கும், சேலை வந்ததும் முட்டை தண்ணீரானதற்கும் காரணம் அந்த நிமிஷத்தில் விளங்கியது. நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் கழித்து நீங்கள், "அப்ப என்ன சொன்னே, எழுபது இல்லையா?" என்றீர்கள். "எழுபதுதான்" என்றேன்.

அடுத்த கப்பல் வந்த அன்று உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே கடைக்கு வந்தேன். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். கையில் குடையோடு நான் நிற்கும்போதே மணி அடித்தது. நாம் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. நீங்கள் கேட்கும் குழலைக் கொக்கியிலிருந்து எடுத்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், என் கையில் கொடுத்துவிட்டீர்கள். நான் அதைக் காதில் வைத்தேன். நீங்கள் தண்டை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு, "ப்ரோன்தோ" என்றீர்கள்.

காதுக்குள் முதலில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து கார்லோவின் குரல் வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சத்தமில்லாமல் உதட்டில் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் என் வாயைப் பார்த்து, உங்கள் குரலில் அவருக்குப் பதில் சொன்னீர்கள். வெங்காயம், ஐம்பது கிலோ. பூசணி. எலுமிச்சை. நாளைக் காலை. ஒன்றும் தவறவில்லை. வைக்கும்போது அவர், இன்று நீங்கள் மிக நன்றாகப் புரிந்துகொண்டீர்கள் என்றார். அதையும் சொன்னேன்.

அப்படியே ஐந்து மாதம் ஓட்டினோம். கப்பல் வரும் நாளெல்லாம் நான் சாப்பாடு கொண்டுவருவேன். ஆறாவது மாதம், பேச்சு நடுவில் இருக்கும்போது முதலாளி உள்ளே வந்துவிட்டார். நாம் இருவரும் ஒரே நாற்காலியின் இரண்டு ஓரத்தில், தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தோம். நிறுத்த முடியாது, கார்லோ அரிசியின் பாதியில் இருந்தார். முதலாளி வாசல் நிலையில் சாய்ந்து கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குழலைக் கொக்கியில் மாட்டினேன்.

"காது கேக்கலையா தம்பி?" என்றார், உங்களைப் பார்த்து, மெல்ல.

நீங்கள் அவர் உதட்டைப் படித்தீர்கள். "இல்ல முதலாளி."

"ஒரு வேலைக்கு ரெண்டு பேரா?" என்றார் என்னிடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளறைக்குப் போனார். உங்கள் பழைய சட்டையைத் துவைத்து வைக்கவில்லையே, வேறு வேலை தேடிப் போகும்போது எதைப் போடுவீர்கள் என்றெல்லாம் என் மனம் ஓடியது. அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். "அது ஆடுற நாற்காலி தங்கச்சி. நீ இதுல உக்காரு. வெறும் கப்பல் நாளைக்கு மட்டும் வந்தா பத்தாது, மத்த டெலிபோனும் இருக்குல்ல."

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடம்தான் என் வாழ்க்கையில் நான் மிதந்துகொண்டே கழித்த காலம். கடற்கரைத் தெருவில் மாட்டுவண்டிகள் போகும், பாக்கு மூட்டைகளின் வாடை வரும், சுவரில் தண்ணீர் வெளிச்சம் நெளியும். நடுவில் நாம் இருவரும். கார்லோ சாமான் சொல்லி முடித்த பிறகும் வைக்க மாட்டார். அவர் ஊரில் வீடுகள் கடலிலிருந்து படிபடியாக மலைமேல் ஏறுமாம். குளிர்காலத்தில் எலுமிச்சை மரங்களுக்குப் பாய் போர்த்துவார்களாம். அதெல்லாம் என் காதில் மட்டும் விழுந்தது. என் உதட்டிலிருந்து உங்கள் கண்ணுக்குப் போனது. உங்கள் வாயிலிருந்து அவருக்குத் திரும்பிப் போனது. தெரியாத சொல் வந்தால் அப்படியே, அர்த்தம் இல்லாமல், வெறும் வடிவமாக உதட்டில் செய்து காட்டுவேன். பல தடவை என்னைவிட நீங்கள் முதலில் புரிந்துகொண்டீர்கள்.

ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே, 'லா சுவா வோச்சே எ பெல்லா' என்று உங்களுக்குச் சொன்னேன். உங்கள் குரல் அழகாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வெட்கப்பட்டு, குழலுக்குள் "க்ராட்ஸியே" என்று நன்றி சொன்னீர்கள். கார்லோ குழம்பிப்போய் "ப்ரேகோ?" என்றார், என்ன சொன்னீர்கள் என்று. அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் டிராமில் போகும்போது, "அந்த மனுஷன் நல்ல மனுஷன்" என்றீர்கள். அன்று அதைச் சொன்னது கார்லோ இல்லைங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதும் எழுபது இல்லை.

பிறகு அந்த மழைக்காலத்துக் காய்ச்சல். ஆறே நாள். ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் சொன்னதையும் சத்தமில்லாமல்தான் உங்களுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. நீங்கள் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "நீ சில வார்த்தைய விட்டுட்டுச் சொல்ற" என்றீர்கள்.

நீங்கள் போன பதினாறாம் நாள் இத்தாலியக் கப்பல் வர வேண்டியிருந்தது. முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி, இந்தத் தடவை வேண்டாம், அடுத்த மாதம் வந்தால் போதும் என்றார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தேன். முன்பாதி முழுவதும் நமக்கு மனப்பாடம். வேண்டும், அனுப்புகிறோம், நாளைக் காலை வரும். சாமான் விற்கிறவர்களுக்கு அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. இறந்தகாலம் பின்பாதியில் இருந்தது. அந்தப் பக்கங்களை நாம் பிரித்ததே இல்லை. ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சமையல் கத்தியால் பிரித்தேன். பத்து நாள் தனியாகப் படித்தேன். மூன்று சிறிய வாக்கியங்கள் செய்துகொண்டேன்.

கப்பல் வந்த அன்று கேட்கும் குழலை ஒரு கையிலும் தண்டை இன்னொரு கையிலும் எடுத்தேன். அந்தப் பேசும் குழலில் என் குரல் அதுவரை போனதில்லை. "ப்ரோன்தோ" என்றேன். கார்லோ பேசவில்லை. பிறகு, யார் பேசுவது என்று கேட்டார்.

"மியோ மரீதோ எ மோர்தோ" என்றேன். என் கணவர் இறந்துவிட்டார். "இயோ அஸ்கொல்தாவோ. லூயி பார்லாவா." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர், "லோ ஸோ, ஸிஞ்ஞோரா" என்றார். எனக்குத் தெரியும், அம்மா. அதற்குப் பிறகு சொன்ன சொல் எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். அவர் நிதானமாக, கை என்றார், கண்ணாடி என்றார், அப்படியும் நான் விளங்காமல் நிற்க, நாக்கால் 'திங், திங்' என்று ஒரு ஓசை செய்து காட்டினார். ஒவ்வொரு தடவையும் உங்கள் குரலுக்குப் பக்கத்தில் அந்த ஓசை அவருக்குக் கேட்டிருக்கிறது. யாரோ ஒரு பெண் கூட இருக்கிறாள் என்று நான் வந்த முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கிறார். இத்தனை காலமும் கேட்கவில்லை. இன்று அது கேட்கவில்லையே என்றுதான் பேசாமல் இருந்தாராம்.

நான் வளையல் இல்லாத என் வெறும் கையைப் பார்த்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஆரம்பிக்கலாமா என்று கேட்டு, ஒவ்வொரு சாமானாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு, என் குரலில் திருப்பிச் சொன்னேன்.

கார்லோவும் வேறு கப்பலுக்கு மாறிப் போய்விட்டார். இப்போது இன்னொருவர் அழைக்கிறார், வேகமாகப் பேசுகிற இளைஞர். எனக்கு அநேகமாக எல்லாம் புரிகிறது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. யார் என்ன சொன்னாலும், இத்தாலியமோ தமிழோ, மார்க்கெட்டில் மீன்காரர் சொல்வதோ முதலாளி கணக்கப்பிள்ளையிடம் சொல்வதோ, கேட்கக் கேட்க என் உதடு தானாக அசைகிறது. போன ஞாயிறு கோவிலில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது பக்கத்து பெஞ்சு அக்கா என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "என்ன ரோசம்மா, அவர் பேசும்போதே நீ செபம் சொல்லிக்கிட்டே இருந்தியே" என்றார்.

இல்லை அக்கா, அவர் சொல்வதை என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வந்தேன். உதடு மட்டும் அசைந்தது.